ஆரணிப் பட்டும் உயிர்மரபும்

1. தோற்றுவாய்

திருவண்ணாமலை மாவட்டத்தில் கமண்டல நாகநதிக் கரையில் அமைந்துள்ள ஆரணி, பட்டு நெசவால் பெயர் பெற்ற ஊர். பொருநராற்றுப்படையும் பட்டினப்பாலையும் பட்டாடையைக் குறிக்கின்றன. ஆதலின் தமிழர்க்குப் பட்டு நெடுநாட் பழக்கமுடைய பொருள் என்பதில் ஐயமில்லை. தறியில் அமர்ந்த நெசவாளர் பாவு நூலை விரலால் தடவிப் பார்த்து, அது நாடாவின் ஓட்டத்துக்குத் தாங்குமா அறுமா என்பதை முன்னரே உணர்ந்துவிடுவர். அந்நூலின் உறுதி எங்கிருந்து வந்தது என்று வினவினால், சாயத்தொட்டியையும் முறுக்கு ஆலையையும் கூடு வேகவைக்கும் தொட்டியையும் கடந்து, இறுதியில் ஒரு புழுவின் பரம்பரையிடம் சென்று நிற்போம். அப்பரம்பரையை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

தமிழ் ஆராய்ச்சி இதழில் உயிர்நூற் செய்தி எற்றுக்கு என்று வினவுவார் உளராகலாம். அதற்கு விடை இரண்டு. ஒன்று, தொல்காப்பிய மரபியலில் பரிணாமக் கொள்கை கூறப்பட்டுள்ளது என்னும் கருத்து நம் மேடைகளிலும் ஏடுகளிலும் அடிக்கடி எடுத்துரைக்கப்படுகிறது. அக்கருத்தைக் கொள்வதற்கும் தள்ளுவதற்கும் முன்னர், பரிணாமம் என்பது யாது என்று தெளிதல் வேண்டும். மற்றொன்று, ஏட்டுச்சுவடிகளை ஒப்பிட்டுப் பாடம் கண்ட தமிழறிஞர், உயிர்நூலார் மேற்கொள்ளும் முறைக்கு மிக அணுக்கமானதொரு முறையை ஏற்கனவே கையாண்டுள்ளனர். ஆதலின் இப்பொருள் நமக்கு முற்றும் அயலானதன்று.

2. வரிசையும் வழியும்

தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் இறுதி இயல் மரபியல். அதன்கண் உயிர்கள் ஓரறிவுயிர் முதலாக ஆறறிவுயிர் ஈறாக வகுக்கப்பட்டுள்ளன. புல்லும் மரமும் ஓரறிவின, நத்தை முதலியன ஈரறிவின, கறையானும் எறும்பும் மூவறிவின, நண்டும் தும்பியும் நாலறிவின, விலங்குகள் ஐயறிவின, மக்கள் ஆறறிவினர். உயிர்களை உருவத்தாலோ பயனாலோ பிரிக்காமல், அவை உலகை உணரும் ஆற்றலால் பிரித்த நுட்பம் போற்றத்தக்கது.

ஆயின், இஃது ஒரு வரிசை. ஈரறிவுயிரிலிருந்து மூவறிவுயிர் தோன்றிற்று என்றோ, இரண்டும் பொதுவானதொரு மூதாதையிடமிருந்து வந்தன என்றோ மரபியல் கூறவில்லை. பரிணாமக் கொள்கையோ வரிசையைப் பற்றியதன்று, வழியைப் பற்றியது. எவ்வுயிர் மேல், எவ்வுயிர் கீழ் என்று அது கேட்பதில்லை. எவ்வுயிர் எதனோடு எத்துணை அணுக்கமான உறவுடையது, அவ்வுறவு எக்காலத்தில் பிரிந்தது என்றே கேட்கிறது. வரிசை ஏணி போன்றது. வழி கிளைவிடும் மரம் போன்றது. ஏணியில் ஒவ்வொரு படியும் அடுத்த படிக்குக் கீழ்ப்பட்டது. மரத்திலோ இன்று வாழும் உயிர்கள் யாவும் கிளை நுனிகளே. எறும்பும் மனிதனும் ஒரே அளவு காலம் கடந்து வந்தவர்கள்.

இங்ஙனம் கூறுவதால் தொல்காப்பியர்க்கு இழுக்கு ஒன்றும் இல்லை. பட்டுப்புழுவுக்கு இன்று வழங்கும் அறிவியற் பெயரை 1758-ஆம் ஆண்டில் இட்ட சுவீடன் நாட்டு லின்னேயசும் உயிர்களை வகைப்படுத்தினாரேயன்றி, ஒன்று மற்றொன்றின் வழி வந்தது என்று விளக்கினாரல்லர். டார்வினின் உயிரினத் தோற்ற நூல் வெளிவந்தது 1859-இல். வகைப்பாடு எங்கும் முற்பட்டது. வழி காணுதல் எங்கும் பிற்பட்டது. தொல்காப்பியர் செய்ததை உள்ளவாறு மதித்தலே அவர்க்குச் செய்யும் சிறப்பாகும். அவர் கூறாததை அவர்மேல் ஏற்றிக் கூறுவது சிறப்பாகாது.

சொல்லைப் பற்றியும் ஒன்று கூறல் வேண்டும். பரிணாமம் என்பதைப் படிமலர்ச்சி என்றும், இலங்கைத் தமிழ்ப் பாடநூல்களில் கூர்ப்பு என்றும் வழங்குவர். படி, மலர்ச்சி ஆகிய சொற்கள் மேன்மேல் உயர்தல் என்னும் பொருளை மனத்தில் எழுப்பவல்லன. பரிணாமம் உயர்வையோ தாழ்வையோ குறிப்பதன்று. வழிவழி நிகழும் மாற்றத்தையே குறிப்பது. இவ்வேறுபாட்டைப் பட்டுப்புழு நன்கு விளக்கும்.

3. ஒரு பிறவியின் மாற்றமும் வழிவழி மாற்றமும்

பட்டுப்புழுவின் வாழ்வு நான்கு நிலைகளை உடையது. கடுகினும் சிறிய முட்டையிலிருந்து புழு வெளிப்படுகிறது. அது மல்பெரி இலையை உண்டு, நான்கு முறை தோலுரித்து, ஏறத்தாழ 25 நாட்களில் தன் எடையைப் பத்தாயிரம் மடங்கு அளவில் பெருக்கிக்கொள்கிறது. பின்னர் வாயிலிருந்து நூலை இழுத்துத் தன்னைச் சுற்றிக் கூடு கட்டுகிறது. கூட்டினுள் கூட்டுப்புழுவாகிச் சில நாட்கள் கிடந்து, அந்துப்பூச்சியாக வெளிவருகிறது. அந்து ஒன்றும் உண்பதில்லை; இணைந்து, 400 முதல் 500 வரை முட்டையிட்டுச் சில நாட்களில் மடிகிறது.

புழு அந்தாவதைக் காண்பார், இதுவே பரிணாமம் என்று கருதுதல் எளிது. அது பிழை. புழுவிலும் அந்திலும் இருக்கும் மரபுச் செய்தி ஒன்றே. அச்செய்தியின் ஒரு பகுதி புழுப் பருவத்திலும், பிறிதொரு பகுதி அந்துப் பருவத்திலும் செயற்படுகின்றன. ஒரே நூலின் முன்னியலை முதலிலும் பின்னியலைப் பின்னரும் படித்தல் போன்றது இது, நூல் மாறவில்லை. புழுவை ஊர்வன என ஓரிடத்தும், அந்தைத் தும்பி போன்ற சிறகுயிர் என மற்றோரிடத்தும் வைத்தால், ஒரே உயிர் இரண்டு வகுப்பில் அடங்க நேரும். வழி நோக்கினால் இத்தடை எழாது.

பரிணாமம் தனி ஓர் உயிரிடத்து நிகழ்வதன்று; இனக்கூட்டத்தினிடத்து நிகழ்வது. இன்றைய பட்டுப்புழுக் கூட்டத்தில் ஒரு பண்பு நூற்றில் பத்துப் புழுக்களிடம் உள்ளது. பல தலைமுறை கழித்து அதே பண்பு நூற்றில் எண்பது புழுக்களிடம் காணப்படுகிறது என்று கொள்வோம். எந்தப் புழுவும் தன் வாழ்நாளில் மாறவில்லை. கூட்டத்தின் அமைப்பு மாறிற்று. இம்மாற்றமே பரிணாமம்.

4. ஏடு பெயர்த்தலும் மரபணுவும்

இம்மாற்றத்துக்கு வேண்டும் வேறுபாடுகள் எங்கிருந்து வருகின்றன? இதற்கு விடை காண, நமக்கு நன்கு தெரிந்த ஏட்டுச்சுவடியை நோக்குவோம்.

பனையேடு நெடுங்காலம் நில்லாது. ஆதலின் ஒரு நூல் வாழ வேண்டுமாயின் அதனைப் பெயர்த்தெழுதிக்கொண்டே வருதல் வேண்டும். பெயர்த்தெழுதுவோர் எத்துணை விழிப்புடையராயினும் எழுத்து விடுபடும். ஒன்று மற்றொன்றாக மாறும். ஓரடி இருமுறை எழுதப்படும். அப்பிழையுடைய ஏட்டிலிருந்து அடுத்த படி எடுப்போர் அதனையும் சேர்த்தே எழுதுவர். இங்ஙனம் பாடவேறுபாடு பெருகுகிறது. பதிப்பாசிரியர் பல ஏடுகளைத் தொகுத்து, எவ்வேடுகள் ஒரே பிழையைப் பகிர்ந்துகொள்கின்றன என்று நோக்கி, அவை ஒரே மூல ஏட்டின் வழி வந்தவை எனத் துணிவர்.

உயிரணுவில் உள்ள மரபுச் செய்தியும் இத்தகையதே. அது டி.என்.ஏ. என்னும் நீண்ட இழையில் நான்கே வேதியெழுத்துக்களால் எழுதப்பெற்றது. பட்டுப்புழுவின் முழுச் செய்தி ஏறத்தாழ 45 கோடி எழுத்துக்களை உடையது. அதன் வரைவைச் சீன, சப்பானிய அறிஞர் குழுவினர் 2004-இல் வெளியிட்டனர். இச்செய்தி 28 இணைக் குரோமோசோம்களில் பகுக்கப்பட்டுள்ளது. ஒரு பண்புக்கு வேண்டும் புரதத்தை ஆக்குதற்குரிய செய்திப் பகுதியை மரபணு என்கிறோம். உயிரணு பிரியும்போதெல்லாம் முழுச் செய்தியும் பெயர்த்தெழுதப்படுகிறது. அரிதாக ஓரெழுத்து மாறுகிறது, ஒரு பகுதி விடுபடுகிறது, அல்லது மிகுகிறது. இதுவே மரபுத் திரிபு.

ஒப்புமையின் எல்லையையும் கூறுதல் நேரிது. ஏடெழுதுவோர் சிலவேளை பொருள் விளங்காத இடத்தைத் தாமே கருதித் திருத்துவர். டி.என்.ஏ. பெயர்ப்பில் அத்தகைய கருத்து இல்லை. திரிபு உயிருக்கு நன்மை தருமா தீமை தருமா என்று முன்னறிந்து தோன்றுவதன்று. பெரும்பாலான திரிபுகள் பயனும் கேடும் இல்லாதன, சில கேடுடையன, மிகச் சில, சூழ்நிலைக்கேற்ப, நன்மையாகின்றன.

இவ்வொப்புமை வெறும் அணியன்று என்பதற்குப் பட்டுப்புழுவின் பிறப்பிட ஆராய்ச்சியே சான்று. வளர்ப்புப் பட்டுப்புழுவின் காட்டு உறவினம் சீனத்திலும் கொரியாவிலும் சப்பானிலும் வாழ்கிறது. சீனக் காட்டினத்துக்கு 28 இணைக் குரோமோசோம்கள். சப்பானியக் காட்டினத்துக்கு 27. சப்பானியக் கிளையில் இரண்டு குரோமோசோம்கள் ஒன்றாக இணைந்ததால் எண் குறைந்தது. வளர்ப்பினத்துக்கு 28 இருத்தலின் அது சீனத்திலிருந்து வந்தது என உடனே முடிவு கட்டலாமோ எனின், ஆகாது. பழைய பாடத்தை இரண்டு ஏடுகள் காத்து நிற்றலால் மட்டும் அவை நெருங்கிய உறவுடையன ஆகா. புதிய பிழையைப் பகிர்ந்திருத்தலே உறவைக் காட்டும். பதிப்புக்கலை வல்லார் இதனை நன்கறிவர். உயிர்நூலாரும் அங்ஙனமே டி.என்.ஏ.வில் பகிரப்பட்ட புதிய திரிபுகளைத் தேடினர். அவையும் சீனக் கிளையையே சுட்டின. ஏறத்தாழ ஐயாயிரம் ஆண்டுகளுக்கு முன் சீனத்தில் இவ்வினம் வளர்ப்பினமாயிற்று என்பது இன்று பெரிதும் ஏற்கப்பட்ட முடிவு.

5. மஞ்சட்கூடும் வெண்கூடும்

திரிபுகள் தலைமுறைதோறும் எங்ஙனம் செல்கின்றன? பெற்றோர் இருவர் பண்பும் பாலும் நீரும்போலக் கலந்துவிடும் என்றே முற்காலத்தார் கருதினர். அங்ஙனமாயின் புதிதாகத் தோன்றிய எப்பண்பும் சில தலைமுறைகளிற் கரைந்து மறைந்துவிடும். தேர்வுக்கு இடமே இராது. டார்வினுக்கு இருந்த பெரிய இடர்ப்பாடுகளுள் இஃது ஒன்று. விடையை மெண்டல் பட்டாணிச் செடியில் கண்டு 1866-இல் வெளியிட்டார். அவ்விடை 1900 வரை உலகின் கவனத்தைப் பெறவில்லை.

அவ்விதி பூச்சிகளிடத்தும் செல்லும் என்பதைக் காட்டியவர் சப்பானிய அறிஞர் தொயாமா கமேதாரோ. அவர் சயாம் நாட்டில் பணியாற்றிய காலத்தில் அந்நாட்டு மஞ்சட்கூட்டு இனத்தையும் சப்பானிய வெண்கூட்டு இனத்தையும் கலந்தார். முதல் தலைமுறைப் புழுக்கள் அனைத்தும் மஞ்சட்கூடே கட்டின. அவற்றைத் தம்முள் இணைத்தபோது, இரண்டாம் தலைமுறையில் மூன்று பங்கு மஞ்சளும் ஒரு பங்கு வெள்ளையும் தோன்றின. இம்முடிவுகளை அவர் 1906-இல் வெளியிட்டார்.

காரணம் இது. ஒவ்வொரு புழுவும் தந்தையிடமிருந்து ஒன்றும் தாயிடமிருந்து ஒன்றுமாக நிறத்துக்குரிய மரபணுவின் இரண்டு படிகளைப் பெறுகிறது. இக்கலப்பில் மஞ்சள் ஓங்கு பண்பு. அதன் ஒரு படி இருப்பினும் கூடு மஞ்சளாகும். வெள்ளை ஒடுங்கு பண்பு. இரண்டு படியும் வெள்ளைக்குரியனவாக இருந்தாலன்றி அது வெளிப்படாது. முதல் தலைமுறைப் புழு ஒவ்வொன்றிடமும் ஒரு மஞ்சட் படியும் ஒரு வெள்ளைப் படியும் உள்ளன. அவை தம்முள் இணையும்போது மஞ்சள்–மஞ்சள், மஞ்சள்–வெள்ளை, வெள்ளை–மஞ்சள், வெள்ளை–வெள்ளை என நான்கு சேர்க்கைகள் ஒத்த வாய்ப்புடன் நிகழும். இறுதிச் சேர்க்கை ஒன்றே வெண்கூடு தரும். முதல் தலைமுறையில் கண்ணுக்குப் புலப்படாதிருந்த வெள்ளை, அழியவில்லை, மறைந்திருந்தது. இதுவே இங்குக் கொள்ளத்தக்க உண்மை: பண்பு மறைதல் வேறு, மரபணு அழிதல் வேறு.

இந்நிறம் எங்ஙனம் உண்டாகிறது என்பதும் இன்று விளக்கமாகியுள்ளது. மஞ்சள் நிறமி புழுவால் ஆக்கப்படுவதன்று. மல்பெரி இலையில் உள்ளது. அதனைக் குடலிலிருந்து குருதிக்கும் அங்கிருந்து பட்டுச் சுரப்பிக்கும் கொண்டுசெல்லும் புரதங்கள் சில இனங்களில் உள்ளன, சிலவற்றில் இல்லை. ஆகவே கூட்டின் நிறத்துக்கு மரபணுவும் வேண்டும், இலையும் வேண்டும். மரபோ சூழலோ என்று ஒன்றையே பற்றி வாதிடுவார்க்கு இப்புழு தக்க விடை தருகிறது. அந்நிறமி பட்டின் மேற்பூச்சாகிய செரிசின் என்னும் பசையிலேயே பெரிதும் தங்குகிறது. சாயமிடுவதற்கு முன் பட்டைச் சோப்பும் சோடாவும் கலந்த நீரில் வேகவைத்துப் பசையைக் கழிக்கும்போது, எடையில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கும் இயற்கை நிறமும் உடன் நீங்குகின்றன. ஆதலின் ஆரணித் தறிக்கு வந்து சேரும் நூலில் கூட்டின் நிறத்தைக் காணவியலாது; உட்கருவாகிய ஃபைப்ராயினின் உறுதியையே காணலாம்.

6. தேர்வு

வேறுபாடு இருத்தல், அது மரபுவழிச் செல்லுதல், வேறுபாட்டுக்கேற்ப எச்சம் மிகுதலும் குறைதலும் ஆகிய இம்மூன்றும் கூடிய இடத்தில் தேர்வு தானே நிகழும். எச்சம் என்னும் நம் பழஞ்சொல் இங்கு மிகப் பொருந்துவது. எஞ்சி நிற்பதே எச்சம். தேர்வு என்பது எவருடைய எச்சம் நின்றது என்னும் கணக்கேயாகும். காட்டில் அக்கணக்கைப் பறவையும் நோயும் குளிரும் எழுதுகின்றன. வளர்ப்பகத்தில் மனிதன் எழுதுகிறான். இரண்டும் ஒரே முறையின என்பதை விளக்குவதற்காகவே டார்வின், வளர்ப்புயிர்களின் வேறுபாடு பற்றி 1868-இல் எழுதிய நூலில் பட்டுப்புழுவையும் எடுத்துக்கொண்டார்.

காட்டினப் புழு பழுப்பு நிறமுடையது. கிளையோடு கிளையாக மறைந்து நிற்கும். அதன் அந்து நன்கு பறக்கும். வளர்ப்புப் புழு வெளிறியது. தட்டில் இட்ட இலையை விட்டு அகலாது. கூட்டமாக நெருங்கி வாழும். அதன் அந்துக்குச் சிறகு உண்டு. பறக்கும் ஆற்றல் இல்லை. ஐயாயிரம் ஆண்டுகளாக எவரும் பறவாத அந்தை வேண்டுமென்று முயன்றிருக்க வேண்டியதில்லை. பறக்கவல்ல அந்து தப்பிச் சென்றது. அதன் எச்சம் வளர்ப்பகத்தில் நிற்கவில்லை. பறக்கமாட்டாதது தங்கிற்று, அதன் எச்சம் பெருகிற்று. பறவைக்கு இரையாகும் அச்சம் நீங்கியபோது மறைநிறம் தேவையற்றதாயிற்று. இங்கே ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. காட்டுக்கு ஏற்றது தட்டுக்கு ஏற்றதாயிற்று, அவ்வளவே. இரண்டினமும் இன்றும் தம்முள் இணைந்து வளமுள்ள எச்சம் ஈனவல்லன.

2009-இல் வெளியான ஓர் ஆய்வில் 29 வளர்ப்பினங்கள், 11 காட்டினங்கள் ஆக 40 வகைகளின் மரபுச் செய்தி முழுவதும் ஒப்பிடப்பட்டது. மனிதத் தேர்வின் அடையாளம் தாங்கியன எனக் கருதத்தக்க 354 மரபணுக்கள் அதில் சுட்டப்பட்டன. அவற்றுட் சில பட்டுச் சுரப்பியில் மிகுதியாகச் செயற்படுவன. வளர்ப்பினங்களிடம் வேறுபாடு பெரிதும் எஞ்சியிருப்பதும் கண்டறியப்பட்டது. ஒருசில புழுக்களிலிருந்து அன்றி, மிகப் பல புழுக்களிலிருந்தே வளர்ப்பினம் தொடங்கியிருத்தல் வேண்டும் என்பது இதனால் பெறப்படும்.

ஈண்டு ஓர் ஐயம் எழும். நூல் எடுப்பதற்குக் கூட்டினுள் இருக்கும் கூட்டுப்புழுவை வெப்பத்தால் கொன்றுவிடுகின்றனர். அந்து துளைத்து வெளிவந்தால் நூல் அறும். ஆகவே ஒரு சேலைக்கு உரிய ஆயிரக்கணக்கான கூடுகளுள் எதற்கும் எச்சம் இல்லை. எச்சமில்லாதவற்றின் நற்பண்பு அடுத்த தலைமுறைக்கு எங்ஙனம் செல்லும்? உடன்பிறப்புக்களின் வழியே செல்லும். ஒரே தாயின் முட்டைகளுள் ஒரு பகுதி நூலுக்கும் ஒரு பகுதி வித்துக்கும் விடப்படுகின்றன. நூலுக்குச் சென்றவை நன்கு நூல் தந்தால், அவற்றோடு மரபணு பகிர்ந்த உடன்பிறப்புக்கள் வித்தாகத் தேர்ந்தெடுக்கப்படும். நூலாகி மறைந்தவற்றின் பண்பு வித்தாகி நின்றவற்றால் தொடர்கிறது. ஆரணிப் பாவில் ஓடும் ஒவ்வொரு நூலும், தனக்கு வழித்தோன்றல் இல்லாத ஓர் உயிர் விட்டுச்சென்ற சான்றாகும்.

7. பட்டின் வேற்றுமை

பட்டு ஒரே இனத்தின் கொடையன்று. மல்பெரிப் பட்டு, தசர், எரி, மூகா ஆகிய நான்கும் இந்தியாவில் விளைகின்றன. எரிப் புழு ஆமணக்கிலையை உண்பது. மூகா அசாமுக்கே சிறப்பாக உரியது. தசர், எரி, மூகா ஆகியவற்றின் புழுக்கள் ஒரு குடும்பத்தைச் சார்ந்தன. மல்பெரிப் புழு மற்றொரு குடும்பத்தது. எனினும் யாவும் அந்துப்பூச்சிகளே. அவற்றின் நூல் நூற்கும் உறுப்பு பொது மூதாதையிடமிருந்து பெற்றது. சிலந்தியும் நூல் நூற்கிறது. ஆனால் அவ்வாற்றல் வேறு வழியில், வேறு உறுப்பில், தனியே தோன்றியது. ஒப்புமை காணப்படும் இடமெல்லாம் உறவு உண்டெனக் கொள்ளலாகாது என்பதற்கு இஃது எடுத்துக்காட்டு. இரு மொழிகளில் ஒலியொத்த சொல் இருத்தலால் மட்டும் அவை ஒரு குடும்பத்தன ஆகா என்று மொழிநூலார் கூறுவதும் இதுவே.

மல்பெரிப் புழு ஒன்றனுள்ளும் வேற்றுமை மிகுதி. குளிர்நாட்டு இனங்களின் முட்டைகள் குளிர்காலம் முழுதும் உறங்கிக் கிடந்து வேனிலில் பொரிவன. ஆண்டில் ஒருமுறை அல்லது இருமுறையே அவற்றின் தலைமுறை இயல்பாக நிகழும். வெப்பநாட்டு இனங்களின் முட்டைகளோ உறக்கமின்றி உடனே பொரிந்து, ஆண்டில் பலமுறை தலைமுறை காண்பன. தென்னாட்டில் நெடுங்காலமாக வளர்க்கப்பெறும் மைசூர் இனம் பின்னதற்கு எடுத்துக்காட்டு. அது வெப்பத்தையும் நோயையும் தாங்கவல்லது. ஆனால் அதன் கூடு சிறிது. ஒரு கூட்டில் சில நூறு மீட்டர் நூலே கிடைக்கும். இருபருவ இனத்தின் கூட்டிலோ ஆயிரம் மீட்டரை ஒட்டியும் மேலும் நூல் கிடைக்கும், நூலும் சீரானது. ஆனால் அவ்வினம் நம் வெப்பத்தில் எளிதில் நலிவது. நெசவாளர் வேண்டுவது நீண்ட, சீரான, அறாத நூல். புழு வளர்ப்போர் வேண்டுவது மடியாத புழு. இவ்விரு வேண்டுகோளும் ஓரினத்திடம் கூடி அமையவில்லை.

8. கலப்பும் காப்பும்

இதற்குக் கண்ட வழி கலப்பு. மைசூர் இனத்துப் பெண்ணந்தையும் இருபருவ இனத்து ஆணந்தையும் இணைத்தால், முதல் தலைமுறைப் புழுக்கள் பெற்றோரினும் வீறுடையனவாய் விளங்கும். முட்டையின் உறக்க இயல்பு தாயைப் பொறுத்தது; ஆதலின் தாய் மைசூர் இனமாயின் முட்டை உறங்காது உடனே பொரியும். கலப்பில் எவ்வினம் தாயாதல் வேண்டும் என்பதற்கும் மரபியற் காரணம் இருத்தல் இதனாற் புலனாகும். சப்பானில் முதல் தலைமுறைக் கலப்பினங்களை உழவர்க்கு அளிக்கும் முறை 1914 முதல் பரவியது. இந்தியாவில் மத்திய பட்டு வாரியம் 1949-இலும், மைசூரில் மத்திய பட்டு வளர்ப்பு ஆராய்ச்சிப் பயிற்சி நிறுவனம் 1961-இலும் அமைந்தன. அந்நிறுவனத்தார் 1990-களில் உருவாக்கிய இருபருவ இனங்களும் அவற்றின் கலப்பினங்களும் இன்று தமிழகத்திலும் வளர்க்கப்படுகின்றன.

கலப்பினத்தின் வீறு ஒரு தலைமுறைக்கே உரியது. அதனையே வித்தாகக் கொண்டால், மறைந்திருந்த மரபணுக்கள் மஞ்சளும் வெள்ளையும்போல் பிரிந்து வெளிப்படும். கூடுகள் ஒன்றுபோல் இரா. நூலின் பருமன் மாறும். அது துணியில் தெரியும். ஆகவே ஒவ்வொரு முறையும் தூய பெற்றோர் இனங்களிலிருந்தே கலப்பினம் ஆக்கல் வேண்டும். பெற்றோர் இனம் அழிந்தால் கலப்பினமும் அழியும்.

ஆயின், எவ்வினத்தைக் காத்தல் வேண்டும், எதனை விடுதல் கூடும் என்று நாம் முன்னரே அறிய இயலுமா? இயலாது. புழுவின் குடலைத் தாக்கி மாய்க்கும் ஒருவகை வைரசு உண்டு. சில இனங்கள் அதற்கு ஆட்படுவதே இல்லை. காரணம் யாது என 2008-இல் சப்பானிய ஆய்வாளர் கண்டனர்: அவ்வினங்களில், குடற்சவ்வில் உள்ள ஒரு புரதத்துக்குரிய மரபணுவின் பெரும்பகுதி விடுபட்டிருந்தது. வைரசு உட்புகுவதற்கு அப்புரதம் வேண்டும். புரதம் இல்லாதபோது நோயும் இல்லை. பிழையாக விடுபட்ட ஒரு பகுதியே காப்பாக அமைந்தது. அஃது ஒடுங்கு பண்பாதலின், இரண்டு படியும் உடைய புழுவிடமே வெளிப்படும். மற்றவற்றில் மறைந்து கிடக்கும். குறைந்த நூல் தருகிறது என்று அத்தகைய இனத்தைக் கைவிட்டிருந்தால், அக்காப்பும் உடன் போயிருக்கும்.

இவ்வுண்மையை உணர்ந்தே கிருட்டிணகிரி மாவட்டத்து ஒசூரில் மத்திய பட்டு மரபுவள மையம் நடத்தப்பெறுகிறது. நானூற்றுக்கு மேற்பட்ட பட்டுப்புழு இனங்களும் ஆயிரத்துக்கு மேற்பட்ட மல்பெரி வகைகளும் அங்குக் காக்கப்படுகின்றன. நெல்மணியைப் போலப் பட்டுப்புழு முட்டையைப் பல்லாண்டு சேமித்து வைத்தல் இயலாது. ஒவ்வோர் இனத்தையும் மீண்டும் மீண்டும் வளர்த்து, கூடு கட்டச் செய்து, முட்டையிடச் செய்து, பிறவினத்தோடு கலவாமற் காத்தல் வேண்டும். ஒரு சுழற்சி தவறினால் ஓரினம் இல்லையாகும். ஏட்டைப் பெயர்த்தெழுதுவார் இல்லாத தலைமுறையில் நூல் மறைந்தது போன்றதே இதுவும்.

9. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பின்வருவன பெறப்படும். பரிணாமம் என்பது உயிர்களை மேல் கீழ் என அடுக்கும் வரிசையன்று. பொது மூதாதையிடமிருந்து வேறுபட்டு வரும் வழி. அது தனியுயிரின் பருவ மாற்றமன்று. இனக்கூட்டத்தின் தலைமுறை மாற்றம். அதற்கு முன்னோக்கம் இல்லை; திரிபும் மரபும் எச்சமுமே அதனை நடத்துகின்றன. ஆதலின் மரபியலின் அறிவு வரிசையைச் சிறந்ததொரு வகைப்பாடாகப் போற்றுவோம்; அதனைப் பரிணாமக் கொள்கை என்று கூறுதலைத் தவிர்ப்போம்.

மரபு என்னும் சொல்லை நம் முன்னோர் சொல்வழக்குக்கு ஆண்டனர். இன்றைய உயிர்நூலார் மரபணுவுக்கு ஆள்கின்றனர். இரண்டிடத்தும் அது பெயர்த்தெழுதப்பட்டு வருவது. இரண்டிடத்தும் வேறுபாடே அதன் செல்வம். ஒரே பாடத்தை வைத்துக்கொண்டு மற்ற ஏடுகளை ஆற்றில் விட்டவர்களின் செயலால் நாம் இழந்த நூல்கள் பல. பட்டுப்புழு இனங்களையும் மல்பெரி வகைகளையும் பற்றி அத்தகைய வருத்தம் பின்வருவார்க்கு நேராதிருத்தல் வேண்டும். வித்தகங்களிலும் வளர்ப்பகங்களிலும் பட்டு பற்றி வழங்கும் தமிழ்ச் சொற்களையும், பாவு, ஊடை, கோர்வை, முந்தி எனத் தறியைச் சூழ்ந்து வழங்கும் சொற்களையும், அவை வழக்கில் இருக்கும்போதே தொகுத்து வைப்பது தமிழ்த்துறை மாணவர் உடனே மேற்கொள்ளத்தக்க பணி. அப்பணியை ஆரணியில் தொடங்கலாம் என்பது எம் கருத்து.